வந்து பார்: குன்னூரில் ஒரு ஜூலை மாதம்

ஜூலை 6, 2025, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் தூறல். வாசலில் நின்று குடையை விரித்துக்கொண்டிருந்தபோது தம்பி மகள் கேட்டாள்: "அத்தை, இப்ப எல்லாரும் நின்னு சொன்னோமே நிசேயா விசுவாசப் பிரமாணம், அந்த நிசேயாவுலதான் ஓட்டுப் போட்டு இயேசுவைக் கடவுளாக்கினாங்களாமே? அதுவரைக்கும் அவரை மனுஷர்னுதான் எல்லாரும் நினைச்சாங்களாமே?"

பக்கத்தில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. "கதைப் புத்தகத்துல ஆயிரம் எழுதுவாங்க. விசுவாசம் இருந்தா இந்த மாதிரி கேள்வியே வராது" என்றேன். "சரி அத்தை" என்றவள் அப்புறம் வாயே திறக்கவில்லை. சாப்பிட்டாள், நாலு மணி பஸ்ஸைப் பிடித்துக் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போய்விட்டாள். சாப்பாட்டு மேஜையில் ஒரு பழைய புத்தகம் கிடந்தது. உக்கடம் பழைய புத்தகக் கடையில் வாங்கியிருப்பாள். டான் பிரவுன் எழுதிய 'டா வின்சி கோட்'.

22 வருடம் ஓய்வுநாள் பள்ளி நடத்தியவள் நான். அவளுக்கு நோவாவின் பேழையைக் களிமண்ணில் செய்யக் கற்றுக்கொடுத்தவளும் நான்தான். நிசேயா எங்கே இருக்கிறது, அங்கே என்ன பேசினார்கள் என்று ஒரு பிள்ளைக்கும் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்ல எனக்கே தெரியாது.

ஜூலை 8, செவ்வாய்

புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ராத்திரி ஒரு மணி வரை கீழே வைக்க முடியவில்லை. கதை அப்படி இழுக்கிறது. நிசேயாவில் ஓட்டுப் போட்டார்கள் என்பதும், மகதலேனா மரியாளை இயேசு மணந்தார் என்பதும் இதில்தான் வருகிறது.

இது 2003இல் வந்த நாவல். படமாக வந்தது 2006இல். அந்த வருடம் எங்கள் சபையில் ஒரு மனு சுற்றுக்கு வந்தது, படத்தைத் தடை செய்யக் கேட்டு. மூன்றாவது கையெழுத்து என்னுடையது. புத்தகத்தின் அட்டையைக்கூட நான் பார்த்திருக்கவில்லை. ஜூன் மாதம் தமிழ்நாடு அரசு படத்துக்குத் தடை போட்டபோது ஜெயித்துவிட்டோம் என்று சந்தோஷப்பட்டேன். பிறகு சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தபோது கோபப்பட்டேன். அன்று என் தம்பி மகளுக்கு ஐந்து வயது. தடை கேட்ட நேரத்தில் நாங்கள் படித்திருந்தால், இருபது வருடம் கழித்து அவள் கேட்ட கேள்விக்குக் கையில் பதில் இருந்திருக்கும். இன்று முழுக்க அதே நினைப்புதான்.

கதைக்கு முன்னால், 'உண்மை' என்று தலைப்புப் போட்டு ஒரு பக்கம் இருக்கிறது. 1099இல் தொடங்கிய ஒரு ரகசியச் சங்கம் நிஜமாகவே இருப்பதாக அதில் சொல்கிறார். அப்படி ஒரு சங்கத்தை 1956இல் பிரான்ஸ் நாட்டில் பியேர் பிளான்டார் என்பவர் பதிவு செய்தார். பழங்காலப் பத்திரங்கள் என்று பாரிஸ் தேசிய நூலகத்தில் கொண்டுபோய் வைத்தவை போலியாகத் தயாரித்தவை. நாவலாசிரியர் கற்பனை செய்யலாம், அது அவர் தொழில். அந்தப் பக்கத்துக்கு 'உண்மை' என்று பெயர் வைத்ததுதான் எனக்கு ஆறவில்லை.

ஜூலை 10, வியாழன்

ஆயர் தன் இறையியல் கல்லூரி நாட்களில் வாங்கிய திருச்சபை வரலாற்றுப் புத்தகங்கள் இரண்டைக் கொடுத்தார். "இதைக் கேட்டு என்கிட்ட யாருமே வந்ததில்லைம்மா" என்றார். சாயங்காலம் வரை குறிப்பெடுத்தேன். மறந்துபோகாமல் இங்கே எழுதி வைக்கிறேன்.

நிசேயா இன்றைய துருக்கியில் ஏரிக்கரையில் இருக்கும் இஸ்னிக் என்ற ஊர். ஆயர்களின் சங்கம் அங்கே கூடியது கி.பி. 325இல், இந்த வருடத்தோடு 1700 ஆண்டுகள். கூட்டியவர் பேரரசர் கான்ஸ்டன்டைன். அதில் அரசியல் இருந்தது, மறைக்கத் தேவையில்லை. வந்திருந்த ஆயர்கள் 318 பேர் என்பது மரபு. 303இல் தொடங்கிய உபத்திரவத்தைத் தாண்டி வந்தவர்கள் அவர்களில் பலர். பழுக்கக் காய்ச்சிய இரும்பால் கைகள் முடங்கிப்போன ஒரு ஆயர் அங்கே இருந்ததாகப் பழைய சரித்திரக்காரர் எழுதியிருக்கிறார். பேரரசர் சொன்னார் என்பதற்காக நேற்று வரை சாதாரண மனிதராக நினைத்தவரை இன்று கடவுள் என்று இவர்கள் ஒப்புக்கொண்டார்களாம்!

வழக்கு ஆரியூஸ் என்ற அலெக்சாந்திரியா குருவைப் பற்றியது. அவர்கூட இயேசுவை வெறும் மனிதர் என்று சொல்லவில்லை. உலகத்துக்கு முன்பே இருந்தவர், அவர் மூலமாகத்தான் எல்லாம் உண்டாயிற்று, ஆனாலும் பிதாவால் படைக்கப்பட்டவர் என்றார். சண்டை அந்த ஒரு படியில்தான். நாவலில் வரும் அறிஞர், ஓட்டு நெருக்கமாக விழுந்தது என்கிறார். கடைசிவரை ஒப்புக்கொள்ளாமல் நாடு கடத்தப்பட்ட ஆயர்கள் இரண்டே பேர்.

அதோடு வாயடைத்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. அடுத்த ஐம்பது வருடத்துக்கு மேல் சண்டை ஓடியது. கான்ஸ்டன்டைனின் மகனே எதிர்ப்பக்கம் சாய்ந்தான். நிசேயாவைப் பிடித்துக்கொண்ட அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார். அரண்மனைதான் இதைத் தீர்மானித்தது என்றால் இந்த விசுவாசப் பிரமாணம் நம் கைக்கு வந்தே இருக்காது.

வேதாகமத்தில் எந்தப் புத்தகங்கள் இருக்கலாம் என்று நிசேயா முடிவு செய்யவும் இல்லை. அது போட்ட 20 விதிகளில் அந்தப் பேச்சே கிடையாது. சுவிசேஷங்கள் நான்குதான் என்று ஆயர் இரேனியுஸ் எழுதியது ஏறக்குறைய 180இல். இப்போது நாம் வைத்திருக்கும் 27 புத்தகங்களின் பட்டியலை அத்தனாசியுஸ் எழுதியது 367இல்.

எனக்குக் கண் கலங்கிய இடம் வேறு. நிசேயா இருந்த அதே மாகாணத்துக்கு 112 வாக்கில் ஆளுநராக இருந்தவர் பிளினி. கிறிஸ்தவர்களை என்ன செய்வது என்று கேட்டுப் பேரரசருக்குக் கடிதம் எழுதுகிறார். அவர்கள் ஒரு குறிப்பிட்ட நாளில் விடியும் முன்னே கூடுகிறார்கள், கிறிஸ்துவைக் கடவுளாக எண்ணிப் பாடுகிறார்கள் என்கிறார். சங்கம் கூடுவதற்கு 200 வருடம் முன்பு, நம்மைப் பிடிக்காத ஒருவர் எழுதியது. ஈஸ்டர் அன்று இருட்டில், பனியில், கையில் டார்ச் வைத்துக்கொண்டு பாடிக்கொண்டே மேடேறிப் போவோமே, அதுதான் ஞாபகம் வந்தது.

தம்பி மகளுக்கு போன் செய்து அன்று சொன்ன வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்டேன். "ஐயோ அத்தை, விடுங்க" என்றாள். ஞாயிறு மதியம் வாலிபர் கூட்டத்தில் இதைப் பேசப் போகிறேன், வருவாயா என்றேன். வருகிறேன் என்றாள்.

ஜூலை 13, ஞாயிறு

பதினொரு பேர் வந்தார்கள். நிசேயாவைச் சொன்னேன். நன்றாகக் கேட்டார்கள். ஒரு பையன், "இதை ஏன் டீச்சர் இத்தனை நாள் சொல்லல?" என்றான். எனக்குத் தெரியாது தம்பி, தெரிந்துகொள்ளவும் முயலவில்லை என்றேன். சவக்கடல் சுருள்களில் இயேசுவைப் பற்றி ரகசியம் இருக்கிறதாமே என்று இன்னொருவன். சவக்கடல் பக்கத்துக் குகைகளில் 1947 முதல் கிடைத்த அந்தப் பழைய யூதச் சுருள்களில் இயேசுவின் பெயரே இல்லை.

ஜூலை 16, புதன்

எதிர்வீட்டு அண்ணன் தேயிலைத் தொழிற்சாலையில் லாரி ஓட்டுகிறவர். வாசலில் நின்று டீயில் வர்க்கியை முக்கிச் சாப்பிட்டுக்கொண்டே, "டீச்சர், ஏசுநாதர் சின்ன வயசுல நம்ம இமயமலைக்கு வந்து படிச்சவர்தானே? அதை ஏன் உங்க கோயில்ல சொல்றதில்ல?" என்றார். பிரியமாகத்தான் கேட்டார். அவர் நம்முடையவர் என்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம். அதை முறிக்க எனக்கு மனமில்லை. ஆனாலும் தெரிந்ததைச் சொன்னேன்.

1894இல் நிக்கோலாய் நோட்டோவிச் என்ற ரஷ்யர் ஒரு புத்தகம் போட்டார். லடாக்கில் ஹெமிஸ் பௌத்த மடத்தில் தங்கியிருந்தபோது 'ஈசா' என்ற மகானின் சரித்திரச் சுவடியை லாமா தனக்கு வாசித்துக் காட்டினார், அந்த ஈசாதான் இயேசு என்றார். ஐரோப்பாவே அதைப் பேசியது. ரிக் வேதத்தைப் பதிப்பித்த மாக்ஸ் முல்லர் சந்தேகம் எழுப்பினார். ஆக்ராவில் பேராசிரியராக இருந்த டக்ளஸ் என்பவர் அடுத்த வருடமே ஹெமிஸுக்குப் போனார். மடத்துத் தலைவரிடம் மொழிபெயர்ப்பாளர் மூலமாக அந்தப் புத்தகத்தைச் சொல்லிக் கேட்டார். அப்படி ஒரு சுவடியே இல்லை, எல்லாம் பொய் என்று அந்த லாமா மறுத்தார். 1896இல் டக்ளஸ் அதை அச்சிட்டார்.

இதில் டக்ளஸை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. அந்தக் காலத்தில் லடாக்குக்குப் போவது என்றால் சும்மாவா! இந்தக் கதை பொய்யாக இருக்காது என்று நினைத்துத்தான் கிளம்பினேன் என்று எழுதியிருக்கிறார். மனு எழுதிக் கையெழுத்து வாங்கவில்லை, போய் அந்த வீட்டுக்காரரையே கேட்டார்.

அண்ணன் கொஞ்ச நேரம் யோசித்தார். "அந்த லாமா பொய் சொல்லியிருந்தா?" என்றார். நியாயமான கேள்வி. அதற்குப் பிறகும் எத்தனையோ பேர் ஹெமிஸுக்குப் போய் வந்திருக்கிறார்கள், ஆராய்ந்து பார்க்க அந்தச் சுவடியை இதுவரை யாரும் வெளியே வைக்கவில்லை என்றேன். "அப்ப சரி" என்று தம்ளரைக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஜூலை 20, ஞாயிறு

இன்று மகதலேனா மரியாளை இயேசு மணந்தார் என்ற பேச்சு.

1945இல் எகிப்தில் நாக் ஹம்மாடிக்குப் பக்கத்தில் ஒரு ஜாடிக்குள் எகிப்தின் பழைய மொழியான காப்டிக்கில் எழுதிய சுவடிக் கட்டுகள் 13 கிடைத்தன. அதில் ஒரு கட்டுக்குள் இருப்பது 'பிலிப்புவின் சுவிசேஷம்'. நாவல் நம்பியிருப்பது அதன் ஒரு வரியைத்தான். அந்த வரி இருக்கும் இடத்தில் தாள் சிதைந்திருக்கிறது. நேற்று ராத்திரி அந்த வரியைத் தமிழில் பதினொரு தாளில் எழுதினேன்: 'அவர் அவளுடைய' என்று எழுதி இடம் விட்டு, 'முத்தமிடுவார்' என்று முடித்தேன். விட்ட இடத்தைத் தீக்குச்சியால் சுட்டேன். தாளின் ஓரம் பழுப்பேறிச் சுருண்டு, விரல் நுனி அளவுக்கு ஓட்டை விழுந்தது. இன்று காலை வரை வீடெல்லாம் அந்த வாசம்.

தாளைக் கொடுத்து ஓட்டையை நிரப்பச் சொன்னேன். நெற்றியில், கன்னத்தில், கையில், தலையில். ஒரு பையன் பாதத்தில் என்று எழுதினான். தம்பி மகள் 'உதட்டில்' என்று எழுதி, என்னை நேராகப் பார்த்தாள். அப்புறம் மற்றவர்களுடையதை வாங்கி ஒவ்வொன்றாக வாசித்தாள். "எல்லாமே பொருந்துது அத்தை."

அதற்கு மேல் நான் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. மரியாளைக் 'கூட்டாளி' என்று சொல்லும் சொல்லுக்கு அரமேயத்தில் மனைவி என்று பொருளாம் நாவலில். சுவடியோ காப்டிக், அந்தச் சொல்லோ கிரேக்கத்திலிருந்து வந்தது. பிலிப்புவின் சுவிசேஷத்திலேயே முத்தம் என்றால் ஆவிக்குரிய ஒன்று. 'பரிசுத்த முத்தத்தோடு வாழ்த்துங்கள்' என்று பவுலும் எழுதினாரே. இன்னொன்று. மனைவியைக் கூட்டிக்கொண்டு போக எங்களுக்கு உரிமை இல்லையா என்று பவுல் கொரிந்தியருக்கு வாதாடும்போது கேபா என்ற பேதுருவையும் கர்த்தருடைய சகோதரரையும் சாட்சிக்கு இழுக்கிறார். கர்த்தரே மணமானவர் என்றால் அவரை விட்டுவிட்டுப் பேதுருவைச் சொல்வாரா?

மணமாகியிருந்தால் அது அவருக்கு இழுக்கு என்று நான் நினைக்கவில்லை, இதையும் பிள்ளைகளிடம் சொன்னேன். ஆதாரம் இருக்கிறதா என்பதுதான் பேச்சு.

முடிந்து கிளம்பினால் கேட்டுக்கு வெளியே காட்டெருமை. கன்றோடு நின்றது. முக்கால் மணி நேரம் யாரும் அசையவில்லை. அந்த முக்கால் மணி நேரம்தான் பிள்ளைகள் கூச்சம் விட்டுப் பேசினார்கள்.

ஜூலை 22, செவ்வாய்

இன்று மகதலேனா மரியாளின் நாள்.

நாவல்காரர் அவளுக்கு அநியாயம் செய்தார் என்று திட்டுவது சுலபம். அவருக்கு முன்னால் நாம் செய்தோம். லூக்கா 7இல் வரும் பாவியான ஸ்திரீக்குப் பெயர் இல்லை. 8ஆம் அதிகாரத்தில் மரியாள் தன் ஆஸ்தியால் ஊழியம் செய்த பெண்களில் ஒருத்தியாக வருகிறாள். இருவரையும் ஒருவராக்கி 591இல் போப் கிரகோரி பிரசங்கித்தார். அதிலிருந்து மேற்கத்திய சபை அவளை வேசி என்றே பார்த்தது. கத்தோலிக்கர் 1969இல் நாட்காட்டியைத் திருத்தினார்கள், 2016இல் அவள் நாளை அப்போஸ்தலர்களுக்கு இணையான விழாவாக உயர்த்தினார்கள். நாங்கள் சீர்திருத்த சபை என்கிறோம், ஆனாலும் நானே எத்தனை வருடம் பிள்ளைகளுக்கு அவளை அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்!

கல்லறைத் தோட்டத்தில் 'மரியாளே' என்று அவர் கூப்பிட்டதும் 'ரபூனி', போதகரே, என்று திரும்பினவள். உயிர்த்தெழுந்தவரை முதலில் கண்டு போய்ச் சொன்னவள். இந்த மரியாளை நாங்கள் சரியாகச் சொல்லியிருந்தால், அவளுக்கு ஒரு பெரிய இடம் தருவதாகச் சொல்லி வந்த நாவல் பெண் பிள்ளைகளை இவ்வளவு இழுத்திருக்காது. இன்று ஜெபத்தில் அவளிடமே மன்னிப்புக் கேட்க வேண்டும்போல் இருந்தது. எங்கள் சபையில் அந்த வழக்கம் இல்லை. கர்த்தரிடம் கேட்டேன்.

ஜூலை 25, வெள்ளி

2012இல் 'என் மனைவி' என்று இயேசு சொல்வதாக ஒரு காப்டிக் துண்டு வெளியானது, விசிட்டிங் கார்டு அளவு. அது போலியாகத்தான் இருக்கும் என்று, அதை வெளியிட்ட பேராசிரியரே 2016இல் ஒப்புக்கொண்டார். இதைச் சொல்லிக் கை தட்டலாம் என்றால், அதே 2012இல் முதல் நூற்றாண்டு மாற்கு சுவிசேஷத் துண்டு கிடைத்துவிட்டது என்று நம் பக்கத்தில் பரப்பினார்கள். 2018இல் அச்சில் வந்தபோது அது இரண்டாம், மூன்றாம் நூற்றாண்டு என்று தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் சேர்த்தே சொல்லப் போகிறேன்.

ஜூலை 27, ஞாயிறு

மான்செஸ்டர் ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தில் இருக்கும் யோவான் சுவிசேஷத் துண்டின் அளவுக்கு, 9 சென்டிமீட்டர் உயரம், 6 அகலம், காகிதம் வெட்டி ஆளுக்கொன்று கொடுத்தேன். உள்ளங்கைக்குள் அடங்கியது. இரண்டாம் நூற்றாண்டு, கையில் இருப்பதில் மிகப் பழையவற்றில் ஒன்று. பிலாத்து இயேசுவை விசாரிக்கும் இடம் அதில் இருக்கிறது.

நாசரேத்திலிருந்து நன்மை வருமா என்று நாத்தான்வேல் கேட்டபோது பிலிப்பு வாதாடவில்லை, 'வந்து பார்' என்றான். அதை வாசித்து ஜெபித்து முடித்தேன்.

காலை ஆராதனையில் தம்பி மகள் விசுவாசப் பிரமாணம் சொல்லவில்லை. என் பக்கத்தில் நின்றாள், வாய் அசையவில்லை. நான் கேட்கவில்லை.

பஸ் ஸ்டாண்டில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "அத்தை, மாற்கு 16இல் ஒன்பதாம் வசனத்திலிருந்து கடைசி வரைக்கும் பழைய பிரதிகள்ல இல்லையாமே, நம்ம பைபிள்ல அப்படியே போட்டிருக்காங்களே?" என்றாள்.

ஆமாம், மிகப் பழைய இரண்டு முழுப் பிரதிகளில் இல்லை என்றேன். மரியாளுக்கு முதலில் தரிசனமானார் என்று மாற்கு சொல்வதும் அந்தப் பகுதியில்தான்.

"அடுத்த வாரம் அதை எடுக்கிறீங்களா?"

"எடுக்கிறேன். நான் முதல்ல படிக்கணும்."

"அப்ப நான் வெள்ளிக்கிழமை ராத்திரியே வந்துடுறேன், சேர்ந்து படிக்கலாம்" என்று சொல்லி பஸ்ஸில் ஏறினாள்.

ஆயரிடம் இன்னொரு புத்தகம் கேட்டிருக்கிறேன்.