வலைகள் இல்லாத வரைபடம்

மும்பைக்குத் தெற்கே கொங்கண் கரையில், ஒரு மீனவக் கிராமத்தை ஒட்டித் திரவ இயற்கை எரிவாயு இறக்குமதி முனையம் அமைக்க எங்கள் நிறுவனம் முன்வைத்த திட்டத்துக்கான மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம், ஒரு முறை தள்ளிப்போய், சென்ற மாதம் நடந்து முடிந்தது. அனுமதிப் பணிகள் முழுவதும் என் பொறுப்பில் இருந்தன. இதே வேலையில் இறங்கப் போகிறவர்கள் நான் இழந்த நாட்களை இழக்கக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

எதையெல்லாம் ஆராய வேண்டும் என்ற ஆய்வு வரம்புகள் பெற்றது, மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்தின் அளவீடுகளை முடித்தது, சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனத்திடமிருந்து 1:4000 அளவில், கடல்நீர் ஏறிவரும் எல்லையைக் காட்டும் உயர் ஓதக் கோட்டு வரைபடம் வாங்கியது ஆகிய எதிலும் சொல்லும்படியான சிக்கல் இல்லை.

முதல் அடி ஒரு ரப்பர் முத்திரையால் விழுந்தது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு குறித்த 2006 செப்டம்பர் 14 அறிவிக்கையின்படி, வரைவு அறிக்கையும் உள்ளூர் மொழியில் அதன் சுருக்கமும் பல அலுவலகங்களில் மக்கள் பார்வைக்கு இருக்க வேண்டும். கூட்டத்துக்கு முன் குறைந்தது 30 நாள் அவகாசமும் தர வேண்டும். மும்பை சயான் கோலிவாடாவிலுள்ள என் வீட்டிலிருந்து விடியுமுன் புறப்பட்டு, அறிக்கைக் கட்டுகளை ஒவ்வோர் அலுவலகமாகச் சேர்த்துக்கொண்டே போனேன். ஓரிடத்தில் மட்டும், முகப்புக் கடிதம் தம் பிரிவுக்கு எழுதப்படவில்லை என்று கூறி எழுத்தர் ஒப்புகை தர மறுத்துவிட்டார். மாலைப் பேருந்தைத் தவறவிடக் கூடாதே என்று கட்டை அவர் மேசையோரம் வைத்துவிட்டுத் திரும்பினேன். மூன்று வாரம் கழித்துக் கிராமத்து இளைஞர்கள் அங்கே சென்று அறிக்கையைக் கேட்டபோது, அப்படி எதுவும் வரவில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நான் மறுபடி போய்த் தேடியபோது, பிரிக்கப்படாத அந்தக் கட்டு ஓர் அலமாரியின் அடித்தட்டில் கிடந்தது. தேதியிட்ட முத்திரை கையில் கிடைக்காமல் எந்த அலுவலகத்தை விட்டும் நகராதீர்கள்; அதற்காக ஓர் இரவு தங்க நேர்ந்தாலும் தங்குங்கள்.

இரண்டாவது தவறு கூட்டத்தின் தேதி. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். தடை முடிந்தாலும், ஆவணி மாதத்தையொட்டி வரும் நாரளி பௌர்ணமி அன்று கடலுக்குத் தேங்காய் சமர்ப்பித்த பிறகே படகை இறக்கும் கோளி மீனவக் குடும்பங்கள் பல. கூட்டத்துக்குக் குறிக்கப்பட்ட நாள், பௌர்ணமி கழிந்த மூன்றாம் நாள். அது அரசு விடுமுறையா என்று மட்டுமே பார்த்துவிட்டு நான் தலையசைத்திருந்தேன். மீனவர் கூட்டுறவுச் சங்கத் தலைவர் என்னிடம் கேட்டார்: “இரண்டு மாதம் வருமானமில்லாமல் இருந்தவர்கள், முதல் மீன்பாட்டுக்குப் போகிற நாளில் படகைக் கட்டிவைத்துவிட்டு உங்கள் பந்தலுக்கு வருவார்களா?” பிறந்ததிலிருந்து கோளி மக்களுக்கு அண்டை வீட்டுக்காரனாக வாழ்ந்தும் இது எனக்குத் தோன்றாமல் போனது இன்றும் உறுத்துகிறது.

நாளிதழ்களில் வெளியான தேதியை நினைத்தபடி மாற்ற இயலாது. அசாதாரணச் சூழல் ஏற்பட்டு, மாவட்ட ஆட்சியர் பரிந்துரைத்தால்தான் தள்ளிவைக்கலாம். அறிக்கை ஓரிடத்தில் பார்வைக்கே வைக்கப்படாத குறையையும் சேர்த்துச் சங்கம் மனு அளித்தது. நாங்களும் அதை எதிர்க்காமல் எழுதிக் கொடுத்தோம். புதிய தேதி கிடைத்து, மீண்டும் விளம்பரம் வெளியிட்டதில் ஏழு வாரங்கள் கழிந்தன.

அந்த ஏழு வாரங்கள் கிடைத்திராவிட்டால் திட்டமே கரை சேர்ந்திருக்காது. எங்கள் வரைபடத்தைத் தம் வீட்டுத் திண்ணையில் விரித்துவைத்துப் பார்த்த தலைவர், “இதில் எங்கள் வலைகள் எங்கே?” என்றார். உயர் ஓதக் கோடு, தாழ் ஓதக் கோடு, அலையாத்திக் காடு, படகுத்துறை எல்லாம் அதில் இருந்தன, வலைகள் இல்லை. அங்குள்ளவர்கள் பொம்பில் (பாம்பே டக்) மீனுக்குப் போடுவது டோல் வலை. கடலில் நட்ட கம்பங்களில் கட்டி, ஓதத்தின் ஓட்டத்துக்கு எதிராக வாய் திறந்து நிற்கும் பைவலை அது. கப்பல் வருகிறது என்றால் சுருட்டிக்கொண்டு விலகக்கூடிய வலையன்று. அந்த இடமும் தலைமுறை தலைமுறையாகக் குடும்பத்துக்குக் குடும்பம் பாத்தியப்பட்டது. எரிவாயுக் கப்பல் ஏறத்தாழ 300 மீட்டர் நீளமுடையது. அது திரும்புவதற்கு அதன் நீளத்தைப் போல் இரு மடங்கு விட்டமுள்ள நீர்ப்பரப்பு வேண்டும். அதைச் சுற்றிப் பிற படகுகள் நுழையக் கூடாத பாதுகாப்பு வளையமும் உண்டு. நாங்கள் வரைந்த கப்பல் வழி அந்தக் கம்ப வரிசைகளின் நடுவே சென்றது. அறிக்கையின் மீன்வள அத்தியாயத்தில் மாவட்டத்தின் மொத்த மீன்பாடு மட்டுமே இருந்தது; எங்கே பிடிக்கிறார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. அவர்களுடைய படகிலேயே சென்று, ஜி.பி.எஸ். கருவியில் ஒவ்வொரு கம்பமாகக் குறித்துவந்தேன். கப்பல் வழியை விலக்கினால் தூர்வாரும் செலவு கூடும் என்று மும்பை அலுவலகத்தில் எழுந்த எதிர்ப்பு, அந்தப் படத்தைப் பார்த்த பின் அடங்கியது.

மராத்திச் சுருக்கத்திலும் ஒரு பிழை இருந்தது. கசிந்தால் வாயு உடனே மேலெழுந்து கலைந்துவிடும் என்று அதில் எழுதியிருந்ததை ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சுட்டிக்காட்டி, குளிர்ந்த வாயு கனமானதாயிற்றே என்று கேட்டார். அவர் சொன்னது சரி. மைனஸ் 162 டிகிரி செல்சியஸில் திரவமாக வரும் மீத்தேன், கசிந்து ஆவியானவுடன் காற்றைவிடக் கனமாகப் பனிமூட்டம் போலத் தரையோடு பரவும். வெப்பமேறிய பிறகே மேலெழும். காற்றில் 5 முதல் 15 விழுக்காடு கலந்திருக்கும்போது தீப்பற்றும். போபாலை மறக்காத மக்களிடம் பாதி உண்மையைச் சொன்னால், மீதிப் பாதியை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு நாம் சொல்லும் எதையும் நம்ப மாட்டார்கள். அந்தப் பக்கத்தைத் திருத்தி, பிழை எது, திருத்தம் எது என்று கூட்டத்தின் தொடக்கத்திலேயே நான் வாசித்தேன்.

கூட்டம் ஐந்து மணி நேரம் நடந்தது. எதிர்ப்பு கடுமையாகவே இருந்தது. அதற்கான உரிமை அவர்களுக்கு உண்டு. இதே கரையில் உள்ள தாபோல் எரிவாயு முனையத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் முற்றுப்பெறாமல் பல ஆண்டுகள் மழைக்காலத்தில் கப்பல் வர இயலாமல் போனதை ஒருவர் நினைவூட்டினார். அதைத் தொடர்ந்து, மீன் உலர்த்தும் மூதாட்டி ஒருவர், “நீங்கள் சுவர் கட்டினால் எங்கள் மணல் நிற்குமா?” என்று கேட்டார்.

முடிவில் நடவடிக்கைக் குறிப்பை உள்ளூர் மொழியில் உரக்க வாசிக்க வேண்டும் என்பது விதி. களைத்துப்போயிருந்தாலும் அந்த வாசிப்பை ஒரு சொல் விடாமல் கேளுங்கள். மூதாட்டியின் கேள்வி அதில் விடுபட்டிருந்தது. “மாவ்ஷி (சித்தி) கேட்டது வரவில்லையே” என்று நானே எழுந்து சொன்னேன். எங்களுக்கு எதிரான கேள்வியை நானே சேர்க்கச் சொன்னது அதிகாரிகளுக்கு வியப்பாக இருந்தது; ஆனாலும் சேர்த்தார்கள்.

அந்தக் கேள்விக்கு எங்களிடம் இன்னும் விடை இல்லை. மணல் மிகுதியாக இடம்பெயர்வது மழைக்காலத்தில்; விதி கேட்கும் அளவீடோ மழை இல்லாத பருவத்துக்கு உரியது. ஒரு மழைக்காலம் முழுவதும் கரையை அளக்க அனுமதி கேட்டிருந்தேன். ஒப்புதல் நேற்று வந்தது. ஜூன் பிறப்பதற்குள், அந்தப் பெண்கள் மீன் உலர்த்தும் மணலிலிருந்து தொடங்கி அளவுக் கம்பங்களை நட வேண்டும்.