கூரை இல்லாத கார்மோ மடமும் லிஸ்பன் டாக்ஸிக்காரரும்

லிஸ்பன் விமான நிலையத்தில் இறங்கினால் டாக்ஸி பக்கமே போகாதீர்கள். இதை முதலில் சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் அடங்கும். மீட்டரில் ஒன்று காட்டியது, அந்த ஆள் பெட்டிக்குத் தனி, மேட்டுத் தெருவுக்குத் தனி என்று கூட்டிக்கொண்டே போய் 45 யூரோவில் நிறுத்தினார். ரூபாயில் கணக்குப் போட்டுப் பார்த்த என் மனைவி அன்று முழுக்கச் சரியாகப் பேசவில்லை. மெட்ரோ அங்கேயே இருக்கிறது, சிவப்புத் தடத்தில் ஏறி அலமெடாவில் பச்சைக்கு மாறினால் பாய்ஷா-சியாடு நிலையம். அங்கே சியாடு பக்க வாசலைப் பிடித்தால் எஸ்கலேட்டரே மேட்டில் ஏற்றிவிடும், மூட்டு வலிக்காரர்களுக்குப் பெரிய உபகாரம்.

மேலே கொஞ்சம் நடந்தால் கார்மோ. இன்றைய ஸ்பெயினில் இருந்த காஸ்டில் நாட்டுப் படையை 1385இல் அல்ஜுபரோட்டா போரில் அடித்து விரட்டிய போர்ச்சுகல் தளபதி நூனு ஆல்வரஸ் பெரேரா 1389இல் கார்மேல் என்ற கத்தோலிக்கச் சபைத் துறவிகளுக்காகக் கட்ட ஆரம்பித்த மடம். பின்னாளில் சொத்தையெல்லாம் கொடுத்துவிட்டு அவரே அங்கே துறவியாகச் சேர்ந்தார். வாசலில் பார்த்தால் சாதாரணக் கோயில் முகப்புதான். உள்ளே காலை வைத்ததும் தலைக்கு மேல் ஒன்றுமே இல்லை, வெறும் வானம்! இரண்டு பக்கமும் தூண்கள், அவற்றிலிருந்து கிளம்பி நடுவில் கூடும் கூர்வளைவுகள், சதையெல்லாம் போய் விலா எலும்பு மட்டும் நிற்பது போல. கூரை இருந்திருக்க வேண்டிய இடத்தில் கடற்காகம் பறக்கிறது.

1755 நவம்பர் 1, புனிதர் அனைவர் திருநாள், கோயில்களில் கூட்டம் நிரம்பியிருந்த காலை நேரத்தில் வந்த நிலநடுக்கம்தான் இதைச் சாய்த்தது. அதற்குப் பின்னாலேயே கடல் ஏறி வந்தது, அப்புறம் தீ. மடத்து நூலகமும் போய்விட்டது. எல்லோரும் அண்ணாந்து படம் எடுக்கிற வளைவுகளில் ஒரு பகுதி அந்தக் காலத்ததே இல்லை, அடுத்த ஆண்டே தொடங்கிய மறுகட்டுமானத்தில் பழைய பாணியிலேயே எழுப்பியது. 1834இல் துறவு மடங்களை அரசு கலைத்தபோது வேலை பாதியில் நின்றது. நின்றதே நல்லது என்பேன். கூரை போட்டிருந்தால் ஐரோப்பாவில் இன்னொரு தேவாலயம், அவ்வளவுதான்.

பின்னால் இருக்கும் அருங்காட்சியகம் எனக்கு ஒட்டவில்லை. முழங்காலை நெஞ்சோடு மடக்கி உட்கார்ந்த இரண்டு பெரு நாட்டு மம்மிகள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. இந்த மடத்துக்கும் அவற்றுக்கும் என்ன சம்பந்தம்? பாவமாக இருந்தது. ஆனால் டிக்கெட் காசுக்கு அந்தத் திறந்த மண்டபம் ஒன்றே போதும். ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும், பார்த்துப் போங்கள்.

வெளியே சதுக்கத்தில் மேசை போட்ட கடைகளைத் தவிர்த்தோம். கீழே இறங்கி ஒரு சந்துக் கடையில் நின்றபடியே பிஃபானா: பூண்டும் வெள்ளை ஒயினும் சேர்ந்த குழம்பில் கொதிக்கும் மெல்லிய பன்றி இறைச்சியை அப்படியே எடுத்து பன்னுக்குள் வைத்துத் தருகிறார்கள், அந்தச் சாறு முழங்கை வரை வழிகிறது, மேலே கடுகு சாஸைத் தாராளமாகப் பிழிந்துகொள்ளலாம். நான் இரண்டு தின்றேன். பன்றி சாப்பிடாத மனைவிக்கு முட்டைக் கிரீம் பேஸ்ட்ரி, சூடாக, பட்டைத் தூள் தூவி. மொத்த பில்லும் டாக்ஸிக்காரர் பெட்டிக்கு வாங்கியதைவிடக் குறைவு.