தாய்மார்களின் கையில் வைன் கோப்பை: கனடாவில் நான் கண்டவை

கனடாவில் குடியேறும் ஒரு தாய்க்குத் தோழமை பெரும்பாலும் குழந்தையின் வழியாகத்தான் கிடைக்கிறது. வேலைக்குப் போகிறவர்களுக்கு அலுவலகம் இருக்கிறது. சின்னக் குழந்தையோடு வீட்டில் இருப்பவளுக்கோ நூலகத்தின் கதை நேரமும், பூங்காவும், பிள்ளை ஜூனியர் கிண்டர்கார்ட்டனில் சேர்ந்த பிறகு பள்ளி வாசலில் காத்து நிற்கும் மற்ற தாய்மார்களும்தான் உலகம். ஒன்டாரியோ மாகாணத்தின் மிசிசாகா நகரில் எனக்கும் அப்படித்தான் பழக்கங்கள் ஏற்பட்டன. பனிக்கால பூட்ஸ் எங்கே வாங்குவது என்பதிலிருந்து குடும்ப மருத்துவரை எப்படித் தேடிப் பிடிப்பது என்பதுவரை, கேட்காமலே சொல்லித் தந்தவர்கள் அவர்கள். நான் குடிப்பவள் இல்லை. குடிக்கும் பெண்களைக் கீழாக நினைப்பவளும் இல்லை. நான் எழுதப்போவது அந்தத் தோழிகளைப் பற்றிய புகார் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அந்த வட்டத்தில் மது, குழந்தைகள் இருக்கும் இடங்களுக்கெல்லாம் கூடவே வந்தது. ஐந்து வயதுப் பிள்ளையின் பிறந்தநாள், சனிக்கிழமை பகல் இரண்டு மணி. கீழ்த்தளத்தில் பிள்ளைகள் பலூன்களோடு ஓடிக்கொண்டிருக்க, மாடிப்படியின் ஓரத்தில் நின்ற எங்கள் ஒவ்வொருவர் கையிலும் மூடி போட்ட ஸ்டீல் டம்ளர் ஒன்று தரப்பட்டது. குழந்தைகளின் பால் கோப்பையைப் போலவே உறிஞ்சு வாய் வைத்த அந்த டம்ளரின் மேல் 'இது அம்மாவின் பால்' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தார்கள். உள்ளே இளஞ்சிவப்பு நிற ரோஸே வைன். பள்ளிக்கு நிதி திரட்டும் குலுக்கல் சீட்டில் முதல் பரிசாக வந்த கூடையிலும் இரண்டு வைன் பாட்டில்கள் இருந்தன. பிள்ளை தூங்க மறுத்த இரவைப் பற்றி வாட்ஸ்அப்பில் ஒருத்தி எழுதினால், ஆறுதலாக வந்து விழுவது வைன் கோப்பைப் படங்கள்தான். பிள்ளை வளர்ப்பின் களைப்புக்கு மருந்து மது என்பது, அங்கே யாரும் நின்று யோசிக்காத பொதுப் பேச்சாகிவிட்டிருந்தது.

இதன் பின்னே வணிகம் இருக்கிறது. 2011ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில், வைன் லேபிளில் 'மம்மி' என்ற சொல்லைப் பயன்படுத்தும் உரிமை யாருக்கு என்று இரண்டு வைன் நிறுவனங்கள் நீதிமன்றம்வரை சென்றன; அந்தச் சொல்லுக்கு அவ்வளவு விலை இருந்தது. பெண்ணின் களைப்பையும் விடுதலை வேட்கையையும் காசாக்கும் வித்தை புதியதும் அல்ல. 1929ஆம் ஆண்டு ஈஸ்டர் ஞாயிறன்று நியூயார்க் வீதி ஊர்வலத்தில் இளம்பெண்களைச் சிகரெட் பிடித்தபடி நடக்க வைத்து, அதைப் பெண் விடுதலையின் அடையாளமாகச் செய்தித்தாள்களில் வரச் செய்தவர் எட்வர்ட் பெர்னேஸ் என்ற விளம்பர நிபுணர். அதற்குப் பணம் கொடுத்தது சிகரெட் நிறுவனம். இன்று அந்த இடத்தில் நிற்பது வைன் கோப்பை.

ஆனால் விளம்பரத்தை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நகர முடியாது. அது விழுந்து முளைக்கும் நிலம் ஒன்று இருக்கிறது. குழந்தை பிறந்தால் பன்னிரண்டு மாதமோ பதினெட்டு மாதமோ விடுப்பெடுக்க இந்த நாட்டுச் சட்டம் இடம் தருகிறது, பெரிய வரம்தான். அந்த மாதங்களில் பெரும்பகுதியை ஒரு பெண் நான்கு சுவர்களுக்குள் தனியாகக் கழிக்கிறாள் என்பதும் உண்மை. நம் வீடுகளில் அம்மாவோ மாமியாரோ வந்து சில மாதம் இருந்துவிட்டு விமானம் ஏறியதும் வீடு வெறிச்சென்று ஆகிவிடுகிறது. டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். பள்ளி முடிந்து வந்த பிள்ளையின் அழுகை, அடுப்பு, தொட்டியில் குவிந்த பாத்திரம், நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டிக்கொண்ட கணவர் என்று எல்லாம் ஒன்றாக நெருக்கும் ஐந்து மணியிலிருந்து ஏழு மணிவரையிலான பொழுதுதான் தாய்மாரின் குடி தொடங்கும் பொழுது. அந்த நேரத்தில் ஒரு பெண்ணுக்குத் தேவைப்படுவது பிள்ளையை ஒரு மணி நேரம் வாங்கிக்கொள்ள இன்னொரு ஜோடிக் கை. அது கிடைக்காத இடத்தில், கைக்கெட்டும் தூரத்தில் பாட்டில் இருக்கிறது.

ஒன்டாரியோவில் அந்தத் தூரமும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வந்திருக்கிறது. மதுவிலக்கு முடிந்த 1927ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட எல்சிபிஓ என்ற அரசு நிறுவனத்தின் கையில்தான் இங்கே மது விற்பனை பல காலம் பெரும்பாலும் இருந்தது. 2015ஆம் ஆண்டின் இறுதியில் மளிகைக் கடைகளுக்கு பீர் வந்தது, அடுத்த ஆண்டு வைன் வந்தது. 2024 செப்டம்பரிலிருந்து தெருமுனைக் கடைகளிலும் இரண்டும் கிடைக்கின்றன. பால் வாங்கப் போகும் இடத்தில், தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டே வாங்கிவிடலாம். டாஸ்மாக் கடை வாசலில் ஒரு பெண் நின்றால் ஊரே திரும்பிப் பார்க்கும் நாட்டிலிருந்து வந்த எனக்கு, அந்தப் பார்வை இங்கே இல்லாததில் மகிழ்ச்சிதான். ஒரு பெண் எதை வாங்குகிறாள் என்பதைக் காவல் காக்கும் சமூகத்துக்கு ஏங்குகிறவள் அல்ல நான். ஆனாலும் ஒரு பொருள் பாலுக்கும் ரொட்டிக்கும் பக்கத்தில் வந்து அமரும்போது, அதன் குணமும் பாலையும் ரொட்டியையும் போன்றதுதான் என்று மனம் எளிதாக நம்பிவிடுகிறது.

அதன் குணம் வேறு. கனடாவில் ஒரு 'ஸ்டாண்டர்ட் டிரிங்க்' என்பது 13.45 கிராம் தூய ஆல்கஹால்; 12 சதவீத வைனில் அது 142 மில்லி. 142 மில்லி எவ்வளவு என்று பார்க்க, வீட்டில் இருந்த பெரிய வைன் கோப்பை ஒன்றில் அளவுக் குவளையால் தண்ணீரை ஊற்றினேன். கோப்பையின் அடியில் சிறு குளம்போல் தேங்கி நின்றது. விருந்துகளில் 'ஒரு கோப்பை' என்று ஊற்றித் தருவது ஏறக்குறைய அதில் இரண்டு மடங்கு. 750 மில்லி பாட்டில் ஒன்றில் இப்படி ஐந்துக்கும் சற்று அதிகமான அளவுகள் இருக்கின்றன. 2011ஆம் ஆண்டின் கனடிய வழிகாட்டி பெண்களுக்கு வாரத்துக்குப் பத்து அளவுகள்வரை அனுமதித்தது. 2023 ஜனவரியில் வெளிவந்த புதிய வழிகாட்டியோ, வாரத்துக்கு ஒன்று இரண்டுவரை குறைந்த ஆபத்து, மூன்று முதல் ஆறுவரை நடுத்தர ஆபத்து, ஏழும் அதற்கு மேலும் போனால் ஆபத்து மேலும் மேலும் கூடும் என்று சொல்கிறது. இந்தக் கணக்கின்படி, வார இறுதியில் ஒரு பாட்டிலைத் தனியாக முடிக்கும் பெண் நடுத்தர ஆபத்துக்குள் வந்துவிடுகிறாள். பெண்ணுடலில் நீரின் பங்கு குறைவு. இரைப்பையில் ஆல்கஹாலைச் சிதைக்கும் நொதியும் பொதுவாகக் குறைவு. ஆகவே ஆணும் பெண்ணும் ஒரே அளவு குடித்தாலும் பெண்ணின் இரத்தத்தில் செறிவு கூடுதலாக ஏறுகிறது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், மதுவை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் 1988ஆம் ஆண்டிலேயே சேர்த்துவிட்டது. அதனால் வரும் புற்றுநோய்களுள் மார்பகப் புற்றுநோயும் ஒன்று. ஆண்டுதோறும் இளஞ்சிவப்பு ரிப்பன் அணிந்து மார்பகப் புற்றுநோய்க்காக ஓடும் தோழிகளில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று எண்ணும்போது மனம் கனக்கிறது.

தெரியாததற்கு அவர்கள் பொறுப்பல்ல. 2017 நவம்பரில் கனடாவின் யூகான் பிரதேசத்தில் உள்ள வைட்ஹார்ஸ் நகரில், மது புற்றுநோயை உண்டாக்கும் என்ற எச்சரிக்கையை அரசு மதுக்கடையின் பாட்டில்களில் ஒட்டி ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். மது உற்பத்தியாளர்களின் எதிர்ப்பால் ஏறக்குறைய ஒரு மாதத்தில் அந்த எச்சரிக்கை நிறுத்தப்பட்டது. சிகரெட் பெட்டிகளில் அழுகிய நுரையீரலின் படத்தை அச்சிட வைத்த நாட்டில்தான் இது நடந்தது. பெருந்தொற்றுக் காலம் நிலைமையை இன்னும் மோசமாக்கியது. அண்டை நாடான அமெரிக்காவில் 2020ஆம் ஆண்டில் நடந்த ஓர் ஆய்வில், பெண்கள் அளவுமீறிக் குடித்த நாட்கள் முந்தைய ஆண்டைவிட 41 சதவீதம் கூடியிருந்தன.

எண்களைவிட எனக்கு இதைப் புரிய வைத்தவள் ஒரு தோழி. தமிழ்ப் பெண், என்னைவிட இளையவள், என்னை அக்கா என்று அழைப்பவள். இங்கே வரும்வரை மதுவைத் தொட்டதில்லை. பள்ளித் தாய்மாரின் கூட்டங்களில் கோப்பையை மறுப்பவளைச் சுற்றி விழும் சிறிய இடைவெளியை அவளால் தாங்க முடியவில்லை. முதலில் அவர்களுக்காகக் குடித்தாள், பிறகு மாலை வேளைகளில் தனக்காக. காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் இங்கே இருபது சென்ட் கிடைக்கும்; பக்கத்து வீட்டார் சாக்குச் சாக்காகக் கொண்டுபோய்த் தருவதைப் பார்த்திருக்கிறேன். அவளோ குழந்தையின் டயப்பர் பைக்குள் ஒவ்வொன்றாகச் சுருட்டி வைத்து, நூலகத்துக்குப் போகும் வழியில் இருக்கும் குப்பைத் தொட்டியில் போட்டுவந்தாள். கணவருக்குத் தெரியவில்லை. ஒருநாள் தாய்மாரின் கூட்டத்தில் துணிந்து, "தினமும் ராத்திரி ஒரு பாட்டில் காலியாகிவிடுகிறது, நிறுத்த முடியவில்லை" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், 'யாருக்குத்தான் முடிகிறது' என்று ஒருத்தி தன் கோப்பையை உயர்த்தினாள்.

"எல்லாரும் சிரிச்சாங்க அக்கா, நானும் சேர்ந்து சிரிச்சிட்டு வந்துட்டேன்" என்று அவள் என்னிடம் சொன்னபோது அவள் குரலில் கோபம்கூட இல்லை.

அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் எதுவும் இருந்திருக்காது. தாய்மாரின் குடி வேடிக்கைப் பேச்சாகிவிட்ட இடத்தில், உதவி கேட்டு வரும் குரலும் வேடிக்கையாகவே காதில் விழுகிறது. மதுவைச் சாதாரணமாக்கியதில் ஆகக் கொடிய விளைவு இதுதான் என்று நான் நினைக்கிறேன். மறுபுறம் நம் தமிழ் வட்டத்தில் அவளால் வாயே திறந்திருக்க முடியாது. அங்கே ஆண்கள் குடிப்பது விருந்தின் ஒரு பகுதி. கார் நிறுத்தும் கராஜில் அவர்கள் கோப்பையோடு கூடி நிற்பதை யாரும் பேசுவதில்லை. ஒரு பெண் குடித்தாள் என்றால் அது அவள் வளர்ப்பைப் பற்றிய, தாய்மையைப் பற்றிய, ஊரில் இருக்கும் அவள் பெற்றோரைப் பற்றிய பேச்சாக மாறிவிடும். ஒரு கூட்டம் சிரித்து அவள் வாயை அடைத்தது. இன்னொரு கூட்டம் ஏசுமே என்ற பயத்தில் அவளே வாயை மூடிக்கொண்டாள். புலம்பெயர்ந்த தாய் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறாள் என்பதை நம் சங்கங்களும் கோயில்களும் உணர வேண்டும். பொங்கல் விழாவுக்கும் நடன வகுப்புக்கும் அரங்கம் பிடிக்கும் நாம், தாய்மார்கள் அச்சமின்றிப் பேச ஓர் அறையைத் திறந்து வைக்கலாம்.

நடைமுறையில் அவளுக்கு உதவியது எது என்பதையும் எழுதிவிடுகிறேன், யாருக்காவது பயன்படக்கூடும். பல மாதம் தினமும் அதிகமாகக் குடித்துவந்தவர்கள் வைராக்கியத்தோடு ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்தானது; உடல் நடுக்கம் மட்டுமல்ல, வலிப்பும் வரலாம். அதனால் முதல் படி குடும்ப மருத்துவர். மதுவின் மீதான வேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன என்பது எங்கள் இருவருக்குமே புதிய செய்தியாக இருந்தது. கனெக்ஸ் ஒன்டாரியோ என்ற தொலைபேசிச் சேவை நாள் முழுவதும் இயங்குகிறது. கட்டணம் இல்லை, பேசுவது வெளியே போகாது, அருகில் எந்தச் சிகிச்சை மையத்தில் இடம் இருக்கிறது என்று சொல்கிறார்கள். மருத்துவரிடம் உண்மையைச் சொன்னால் பிள்ளையைப் பறித்துக்கொள்வார்கள் என்ற பயம் நம்மவர்களிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. குழந்தைக்கு ஆபத்து என்று ஐயம் எழுந்தால் தெரிவிக்கும் கடமை மருத்துவருக்கு உண்டுதான். ஆனால் ஒரு தாய் சிகிச்சை கேட்டு வருவது தன்னளவில் அப்படிப்பட்ட ஐயம் ஆகாது. இந்தப் பயத்தினாலேயே வருடக்கணக்கில் மறைத்து வைப்பவர்களுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும்.

இப்போது என் வீட்டில் பிள்ளைகளின் விருந்து நடந்தால் மேசையில் மது இருப்பதில்லை. அதற்கு விளக்கமும் சொல்வதில்லை. தோழிகள் வழக்கம்போல வருகிறார்கள், வழக்கம்போலப் பேசுகிறார்கள். தன் மாலைப் பொழுதைப் பற்றி ஒருத்தி வேடிக்கையாகச் சொன்னால், மற்றவர்கள் கலைந்த பிறகு அவளைத் தனியே அழைத்து, "நிஜமாகவே அப்படித்தான் போகிறதா?" என்று கேட்டுவிடுகிறேன். அப்படிக் கேட்டதற்காக இதுவரை யாரும் முகம் சுளித்ததில்லை. செவ்வாய்க்கிழமை மாலை ஐந்திலிருந்து ஏழுவரை தோழியின் பிள்ளைகள் என் வீட்டில் இருப்பார்கள். வியாழக்கிழமை என் பிள்ளைகள் அவள் வீட்டில். அவள் இன்னும் சிகிச்சையில்தான் இருக்கிறாள். சில வாரங்கள் நன்றாகப் போகின்றன, சில வாரங்கள் சரியாகப் போவதில்லை. அன்று கோப்பையை உயர்த்தி அவளைச் சிரிக்க வைத்த தாய், இந்த ஏற்பாட்டைக் கேள்விப்பட்டு, தன்னையும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று போன வாரம் கேட்டாள். புதன்கிழமையை அவளுக்குக் கொடுத்திருக்கிறோம்.