எராஸ்மஸ் இட்ட முட்டையும் என் அரியரும்

அஞ்சல் வழியில் எம்.ஏ. வரலாறு படித்தபோது ஐரோப்பிய வரலாற்றுத் தாளில் எனக்கு அரியர் விழுந்தது. "எராஸ்மஸ் இட்ட முட்டையை லூதர் பொரித்தார் - விவாதிக்க" என்று கேட்டிருந்தார்கள். எராஸ்மஸ், கத்தோலிக்கத் திருச்சபையின் குறைகளைக் கண்டித்த டச்சு அறிஞர்; லூதர், அந்தத் திருச்சபையை எதிர்த்துச் சீர்திருத்த இயக்கத்தைத் தொடங்கிய ஜெர்மன் துறவி. முன்னவரின் எண்ணத்திலிருந்துதான் பின்னவரின் இயக்கம் பிறந்தது என்பது அந்த வரியின் பொருள். ஆளுக்கு ஒரு பக்கம் வாழ்க்கை வரலாறு எழுதி, நடுவில் 'தாக்கம் செலுத்தினார்' என்று ஒரு வரி போட்டுவிட்டு வந்தேன். கைடில் அப்படித்தான் இருந்தது.

மறுபடி படிக்கும்போது ஒன்றை மட்டும் தேடினேன்: எராஸ்மஸின் எண்ணம் லூதரிடம் எது வழியாகப் போனது? இருவரும் நேரில் சந்தித்ததே இல்லை. அப்படியானால் புத்தகமாக இருக்க வேண்டும், இல்லை கடிதமாக, இல்லை நடுவில் ஒரு ஆளாக.

தேடினால் கிடைக்கிறது. 1516இல் எராஸ்மஸின் கிரேக்கப் புதிய ஏற்பாடு சுவிஸ் நகரமான பாசலில், ஃப்ரோபனின் அச்சகத்திலிருந்து வெளிவந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஜெர்மனியின் விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் லூதர், புதிய ஏற்பாட்டில் பவுல் எழுதிய ரோமர் நிருபத்தைப் பற்றிய பாடத்தைத் தொடர்ந்தார். லத்தீன் வேதாகமம் 'தவம் செய்யுங்கள்' என்று சொல்லும் இடத்தில் கிரேக்கச் சொல்லின் பொருள் மனமாற்றம். 1518இல் தன் துறவு சபைத் தலைவர் ஸ்டௌபிட்ஸுக்கு எழுதிய கடிதத்தில், மொழி வல்ல அறிஞர்களிடமிருந்து இதைத் தெரிந்துகொண்டேன் என்கிறார் லூதர். ஒரு சொல்லின் பொருள்தான், ஆனால் திருச்சபை காசுக்கு விற்ற பாவமன்னிப்புச் சீட்டைப் பற்றிய சண்டையின் அடிமடியிலேயே கை வைக்கிற பொருள்.

எனக்கு மிகவும் பிடித்தது கடிதச் சங்கதி. பவுலை எராஸ்மஸ் புரிந்துகொண்ட விதம் சரியில்லை என்று 1516லேயே லூதருக்குத் தோன்றிவிட்டது. நேரடியாக எழுதாமல் நண்பர் ஸ்பாலட்டினிடம் சொல்ல, அவர் லூதரின் பெயரைக் குறிப்பிடாமல் 'ஒரு அகஸ்தீனியத் துறவி' என்று எராஸ்மஸுக்கு எழுதினார். ஆக, 1524-25இல் மனிதனுக்குச் சுதந்திரச் சித்தம் உண்டா என்பது பற்றி இருவரும் எதிரெதிராக நூல் எழுதி மோதியது திடீர்ச் சண்டை இல்லை. இதை எழுதினால் விடையின் தரமே மாறிவிடும்.

பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பெயர்களை எழுதிக் கோடு போட்டேன். கோட்டின் மேல் ஆண்டும், கைமாறிய பொருளும் இருக்க வேண்டும். இரண்டும் கிடைக்காத கோட்டை அழித்துவிட்டேன். நிறையவே அழிந்தது.

அந்தப் பழமொழிக்கு எராஸ்மஸே 1524இல் பதில் சொல்லியிருக்கிறார்: தான் இட்டது கோழி முட்டை, லூதர் பொரித்ததோ வேறு ஏதோ பறவை. முதல் தடவையே இது தெரிந்திருந்தால்!

இரண்டாம் முறை லூதரின் சகாவான மெலாஞ்ச்தானைப் பற்றிக் கேட்டார்கள். 1518இல் அவரைக் கிரேக்கம் கற்பிக்க விட்டன்பர்க்குக்குச் சிபாரிசு செய்தவர் அவருடைய உறவினரும் மொழி அறிஞருமான ராய்க்லின். அந்தக் கோடும் என் காலண்டர் தாளில் இருந்தது.