பரோல் என்றால் நம்ம ஊர் பரோல் இல்லை

கலிபோர்னியாவில் கோர்ட் மொழிபெயர்ப்பாளராகப் பதிவு செய்துகொள்ள ஓர் எழுத்துத் தேர்வு இருக்கிறது. 135 கேள்விகள், எல்லாம் கொள்குறி வகை, தேற 80 சதவீதம் வேண்டும். முதல் தடவை தேறுவதற்கு ஏழெட்டுக் கேள்வி குறைந்து கோட்டை விட்டேன். ஆங்கிலப் பகுதியில் குறையில்லை. என்னைக் கவிழ்த்தது கோர்ட் சொற்கள்தான். இத்தனைக்கும் இரண்டு மாதம் உட்கார்ந்து உருப்போட்டது அதைத்தான்.

முதலில் தேர்வின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். ஸ்பானிஷ், பஞ்சாபி மாதிரி சில மொழிகளுக்கு இங்கே முழுச் சான்றிதழ்த் தேர்வு உண்டு. தமிழுக்கு இல்லை. அதனால் நாம் ‘பதிவுபெற்ற’ மொழிபெயர்ப்பாளர் என்ற வகையில் வருவோம்: ஆங்கிலத்தில் எழுத்துத் தேர்வு, பிறகு ஆங்கிலத்திலும் தமிழிலும் பேச்சுத்திறன் தேர்வு. ஃபெடரல் கோர்ட்டுகளின், அதாவது மத்திய அரசு நீதிமன்றங்களின், சான்றிதழ்த் தேர்வு ஸ்பானிஷுக்கு மட்டும்தான். மற்ற மாநிலங்களில் விதி மாறும், அந்தந்த மாநிலத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நான் செய்த தப்பு இதுதான். ஒரு சொற்பட்டியலை எடுத்து, அகர வரிசையில், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தமிழ்ச் சொல் எழுதி மனப்பாடம் செய்தேன். அரெய்ன்மென்ட் என்ற சொல்லுக்கு ‘குற்றச்சாட்டு வனைதல்’ என்று எழுதி வைத்திருந்தேன். நம் ஊரில் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்த பிறகு, அதைப் பார்த்து நீதிபதி செய்வது அது. இங்கே குற்றம் சாட்டுவது டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி (அரசுத் தரப்பு வக்கீல்) அல்லது கிராண்ட் ஜூரி (பொதுமக்களிலிருந்து எடுத்த குழு). அரெய்ன்மென்டில் நீதிபதி எதையும் வனைவதில்லை. உன்மேல் உள்ள குற்றச்சாட்டு இது, உன் உரிமைகள் இவை, குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்பதோடு சரி. கேள்வி ‘அரெய்ன்மென்டில் நடப்பது என்ன’ என்று வந்தபோது என் தமிழ் என்னைத் தவறான விடைக்கு இழுத்துப் போனது.

இதைவிட மோசம் பரோல். மகள் கல்யாணத்துக்கு மூன்று நாள் பரோலில் வந்தார், நான்காம் நாள் மதுரை சிறைக்குத் திரும்பினார் என்று பேப்பரில் படித்து வளர்ந்தவள் நான். அமெரிக்காவில் பரோல் என்பது சிறையிலிருந்து வெளியே வந்தபின் கண்காணிப்பில் இருக்கும் காலம். நிபந்தனையை மீறாதவரை திரும்பிப் போக வேண்டியதில்லை. ப்ரொபேஷன் வேறு: பெரும்பாலும் நீண்ட சிறைத் தண்டனைக்குப் பதிலாக நீதிபதி கொடுக்கும் கண்காணிப்புக் காலம். அதை ‘நன்னடத்தை விடுதலை’ என்று எழுதினால், பத்து வருஷம் உள்ளே இருந்து ஒழுங்காக நடந்துகொண்டவரை முன்கூட்டியே விட்டார்கள் என்றுதான் தமிழ்நாட்டுக்காரர் காதில் விழும்.

ஜெயில், ப்ரிசன் இரண்டும் நமக்குச் சிறைதான். இங்கே ஜெயில் கவுன்டி (நம் மாவட்டம் மாதிரி) நடத்துவது, விசாரணைக்குக் காத்திருப்பவர்களும் குறுகிய தண்டனைக்காரர்களும் இருக்குமிடம். ப்ரிசன் மாநிலத்தினுடையது அல்லது ஃபெடரல் அரசினுடையது. சுபீரியர் கோர்ட்டை உயர் நீதிமன்றம் என்று நினைத்துவிடாதீர்கள், கலிபோர்னியாவில் அது கவுன்டி அளவிலான விசாரணை நீதிமன்றம். நியூயார்க்கில் சுப்ரீம் கோர்ட் என்பதே விசாரணை நீதிமன்றம்தான்! யார் பெயர் வைத்தார்களோ.

இரண்டாம் தடவை பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு கவுன்டி கோர்ட்டுக்குப் போனேன். விசாரணைகள் பெரும்பாலும் பொதுமக்களுக்குத் திறந்தவை, பின்வரிசையில் போய் உட்காரலாம், போனை அணைத்து வைத்தால் போதும். காலையில் அரெய்ன்மென்ட் நடக்கும் அறையில் இரண்டு மணி நேரம் இருந்தால் ‘நோ கான்டெஸ்ட்’ என்பதைப் பலமுறை கேட்பீர்கள். குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை, எதிர்த்து வாதாடவும் போவதில்லை என்று பொருள். தண்டனையில் சலுகை கிடையாது. சிறு குற்ற வழக்காக இருந்தால் அதைப் பின்னால் சிவில் வழக்கில் ஒப்புதலாகக் காட்ட முடியாது, அதுதான் லாபம். வீட்டுக்கு வந்து ஒரு வழக்கு போகும் வரிசையில் நோட்டில் எழுதினேன்: கைது, குற்றச்சாட்டு, அரெய்ன்மென்ட், ஜாமீன், முதல்நிலை விசாரணை, ஜூரி தேர்வு, தீர்ப்பு, தண்டனை. ஒவ்வொன்றின் கீழும் அங்கே யார் பேசுகிறார், யார் முடிவெடுக்கிறார் என்று ஒரு வரி. சொல் தானாக ஒட்டிக்கொண்டது.

‘டிஸ்மிஸ்டு வித் ப்ரெஜுடிஸ்’ மட்டும் கடைசிவரை படுத்தியது. அகராதி பாரபட்சம் என்கிறது. நீதிபதி பாரபட்சமாகத் தள்ளுபடி செய்தார் என்றா சொல்வது? அதே வழக்கை மறுபடி தொடுக்க முடியாதபடி தள்ளுபடி செய்தார் என்பதே பொருள்.

நெறிமுறைக் கேள்விகளை அலட்சியமாக விடாதீர்கள். அவை சுலபம் போலத் தெரியும். குற்றம் சாட்டப்பட்டவர் நம்மிடம் குனிந்து, “தங்கச்சி, ஒத்துக்கட்டுமா வேணாமாம்மா?” என்று கேட்டால் என்ன செய்வீர்கள்? மனசு பதில் சொல்லச் சொல்லும். சரியான விடை, அந்தக் கேள்வியை அப்படியே ஆங்கிலத்தில் சொல்வது. பதில் வக்கீலிடமிருந்து வரட்டும். பேசுகிறவர் ‘நான்’ என்றால் நாமும் ‘நான்’ என்றுதான் சொல்ல வேண்டும். நம்மைக் குறிக்க வேண்டி வந்தால் மட்டும் ‘மொழிபெயர்ப்பாளர்’.

தமிழ்ப் பேச்சுக்கு ஒரு யாழ்ப்பாணத்து அக்கா துணை கிடைத்தார். தினமும் ராத்திரி போனில் ஒருவர் வக்கீல், ஒருவர் சாட்சி. ஒரு நாள் அவர், “அவரை விளக்கமறியலிலை வைச்சிருக்கினம்” என்றார். ஏதோ விளக்கம் கேட்டு சாலை மறியல் செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ரிமாண்டைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். எனக்கு ஜாமீன், அவருக்குப் பிணை. எனக்கு வக்கீல், அவருக்குச் சட்டத்தரணி. கோர்ட்டில் நம் முன்னால் நிற்கப்போகிறவர் எந்த ஊர் என்று முன்கூட்டித் தெரியாது, அதனால் இரண்டு சொல்லையும் எழுதி வைத்துக்கொண்டேன்.

டிஸ்கவரிக்கு மட்டும் இன்னும் எங்களுக்குள் ஒத்துவரவில்லை. விசாரணைக்கு முன் இரு தரப்பும் ஆதாரங்களை ஒருவருக்கொருவர் காட்டும் கட்டம் அது. நான் ‘ஆதாரப் பரிமாற்றம்’ என்கிறேன். அக்கா ‘வெளிப்படுத்தல்’ என்கிறார். என் நோட்டில் இரண்டும் இருக்கின்றன, அவருடையதைப் பென்சிலில் எழுதியிருக்கிறேன்.