சுலோகம் மாறுது, பாலம் மாறல

இலங்கை மலையகத்துப் பண்டாரவளையில் ஆட்டோ ஓட்டுகிறேன். ஏறுகிற வெளிநாட்டுக்காரர்களில் பாதிப்பேர் போனில் காட்டுவது ஒன்பது வளைவுப் பாலத்தைத்தான். 1921இல் திறந்த ரயில் பாலம். அதற்கு இத்தனை மவுசைக் கொடுத்தது அரசாங்க விளம்பரமா, இன்ஸ்டாகிராமா என்றால், என் ஓட்டு இன்ஸ்டாகிராமுக்கு.

சுற்றுலாவுக்கு அரசாங்கம் வைக்கிற விளம்பரச் சுலோகங்கள் பாவம், வந்து வந்து போகின்றன. 'வொண்டர் ஆஃப் ஏசியா' போய், 2018 நவம்பரில் லண்டன் சுற்றுலாச் சந்தையில் 'சோ ஸ்ரீலங்கா' வந்தது. ஆறு மாதம் ஆகவில்லை, ஈஸ்டர் குண்டுவெடிப்பு. அப்புறம் கொரோனா. 2022இல் பெட்ரோல் வரிசை. நானும் அதில் கிடந்தவன். அந்த நேரத்தில் உலகம் பார்த்தது வரிசையைத்தான், சுலோகத்தை இல்லை.

தேயிலைக்காரர்கள் கெட்டிக்காரர்கள். 1972இல் நாட்டுப் பெயர் மாறியும் 'சிலோன் டீ'யை விடவில்லை. பொதியில் 'சிலோன் டீ'யின் சிங்க முத்திரை வேண்டுமென்றால் முழுக்க இலங்கைத் தேயிலையாக இருக்கவேண்டும், இங்கேயே பொதி செய்யவும் வேண்டும். விளம்பரத்துக்குப் பின்னால் இப்படி ஒரு கட்டுப்பாடு இருந்தால் பெயர் நிற்கும்.

தேயிலை விளம்பரத்தில் வருகிற, சிரித்தபடி கொழுந்து பறிக்கும் பெண்ணின் படம்தான் எனக்கு ஒட்டவே இல்லை. அம்மா மலைக்குப் போனது பளபள சேலையில் அல்ல, இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு, அட்டைக்கடியோடு. வழியில் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தைக் காட்டி "அது என்ன?" என்று கேட்பவர்களுக்கு வண்டியை நிறுத்தி எல்லாம் சொல்வேன். "இதையெல்லாம் ஏன்டா சொல்ற, நாட்டு மானம் போகுது" என்பான் ஸ்டாண்டில் ஒருத்தன். கேட்டவர்கள் யாரும் பாதியில் இறங்கிப் போகவில்லையே!