குருவிக்கூட்டில் பஞ்சு

பிப்ரவரி 4, 2024, ஞாயிறு

பால்கனியில் தொங்கும் குருவிப் பெட்டியை இன்று கழற்றிச் சுத்தம் செய்தேன். பல மாதமாகக் காலியாகக் கிடந்தது. போன வாரத்திலிருந்து ஓர் ஆண் குருவி அதன் வாசலில் உட்கார்ந்து கத்திக்கொண்டே இருக்கிறது. பழைய கூட்டை எடுத்துவிட்டால் புதுக் குஞ்சுகளுக்கு உண்ணித் தொல்லை குறையும்.

உள்ளே வழக்கமான சாமான்கள்தான்: காய்ந்த புல், தேங்காய் நார், துடைப்பக் குச்சி, கோழி இறகு, அம்மாவின் நரைமுடிச் சுருள் ஒன்று. நடுவில், முட்டை கிடக்கும் குழிவில், வெள்ளையும் பழுப்புமாகப் பஞ்சு. "எவ்வளவு சமத்தா மெத்தை போட்டிருக்கு பாரு" என்றாள் அம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன். முகர்ந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது, பழைய சிகரெட் நாற்றம். பிரித்து எண்ணினால் ஏழு துண்டுகள். காகிதத்தை உரித்து, உள்ளே இருந்ததை அலகால் இழை இழையாகப் பிரித்துப் பரப்பியிருக்கிறது.

எங்கள் வீட்டில் யாரும் புகைப்பதில்லை. நேர் கீழே டீக்கடை.

பிப்ரவரி 6, செவ்வாய்

இரண்டு நாளாக இதைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன். மெக்சிகோ நகரத்தின் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2013-ல் ஓர் ஆய்வை வெளியிட்டிருக்கிறார்கள். அங்கே கூடு கட்டுவதும் நம் சிட்டுக்குருவி இனமேதான். கூட்டில் சிகரெட் துண்டு அதிகம் இருந்தால் ஒட்டுண்ணி குறைவாக இருந்திருக்கிறது. காரணம் நிகோட்டின். இது நமக்குப் புதிதில்லை. புகையிலையை ஊறவைத்துக் கொதிக்கவிட்டு, அசுவினிப் பூச்சி விழுந்த கத்திரிச்செடிக்குத் தாத்தா தெளிப்பதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன்.

அதோடு நின்றிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அடுத்த வருடம் அதே ஆய்வாளர்கள் இரத்தத்தைச் சோதித்தார்கள். கூட்டில் துண்டுகள் கூடக் கூட, குஞ்சுகளின் இரத்த அணுக்களில் மரபணுச் சேதமும் கூடியிருந்தது. பூச்சியை விரட்டுகிற அதே விஷத்தின் மேல்தான் இறகு முளைக்காத குஞ்சு படுத்திருக்கிறது.

இன்னொன்று. சிகரெட் நுனியில் இருப்பதை நாம் எல்லோரும் பஞ்சு என்றே சொல்கிறோம். பஞ்சே இல்லை. மரக்கூழை வேதிமுறையில் மாற்றிச் செய்கிற செல்லுலோஸ் அசிட்டேட், பிளாஸ்டிக். மூக்குக் கண்ணாடிச் சட்டம் செய்வதற்கும் இதே பொருள்தான் பயன்படுகிறது. ஒரு துண்டுக்குள் 12,000-க்கும் மேற்பட்ட மெல்லிய இழைகள். தேர்ந்த மனிதக் கண்ணுக்கே பஞ்சாகத் தெரிகிறது என்றால் குருவி என்ன செய்யும்?

கூட்டிலிருந்து எடுத்த துண்டுகளில் உருக்குலையாத ஒன்றைக் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றிப் போட்டு, ஜன்னல் திண்டில் வைத்திருக்கிறேன். என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 11, ஞாயிறு

விடியற்காலை பெசன்ட் நகர் கடற்கரை. இது ஆமைக் காலம். இரவு முழுக்க நடந்து பங்குனி ஆமை முட்டைகளைத் தேடும் இளைஞர்கள் சிலர், தூக்கக் கலக்கத்தோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு பையை எடுத்துக்கொண்டு மணலில் குனிந்தேன். ஒரு மணி நேரத்தில் 143 துண்டுகள். எல்லாம் கடைகளை ஒட்டிய ஒரு சின்ன நீளத்திலேயே.

பீடித் துண்டுகளும் கிடந்தன, ஆனால் அவை வேறு சாதி. இலை, நூல், கொஞ்சம் தூள். விரலால் அழுத்தினால் மணலோடு மணலாக நொறுங்குகின்றன. பீடியின் தூளிலும் நஞ்சு உண்டு, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் வருடக்கணக்கில் கிடக்கிற பிளாஸ்டிக் அதில் இல்லை.

ஒரு நண்டு வளையின் வாயிலேயே ஒரு துண்டு கிடந்தது. 2019-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடா கடற்கரையில் எடுத்த படம் நினைவுக்கு வந்தது. ஒரு தாய்ப்பறவை, மீன் ஊட்டுவது போலவே, குஞ்சின் வாயில் சிகரெட் துண்டை வைக்கிறது. குஞ்சு அதை வாங்கிக்கொள்கிறது. அந்தப் படத்தை என்னால் முழுதாகப் பார்க்க முடிவதில்லை.

பிப்ரவரி 14, புதன்

டம்ளர்த் தண்ணீர் வெளிர் டிகாஷன் நிறத்துக்கு வந்துவிட்டது. 2011-ல் கலிபோர்னியாவில், சான் டியேகோவில், இதையே மீன்களை வைத்துச் செய்து பார்த்திருக்கிறார்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் புகைத்த துண்டு ஒன்றை ஊறவைத்தாலே, நான்கு நாளில் பாதி மீன்கள் செத்துப்போயின. கடல் மீன், நன்னீர் மீன் இரண்டிலும் ஏறக்குறைய இதே கதை. டீக்கடை வாசலில் மழைநீர் வடிகால் மூடியில் விரல் நுழையும் இடைவெளி. சுண்டி எறிகிறவர்களுக்கு அதுதான் குறி. மழை பெய்தால் நேரே அடையாறு, அப்புறம் கடல்.

பிப்ரவரி 17, சனி

டீக்கடை அண்ணனிடம் பேசினேன். "ஒரு டின்னுல மணல் போட்டு வைங்கண்ணா, நானே தினம் காலி பண்றேன்." அவர் யோசித்தார். "வைக்கலாம்மா. ஆனா டின் வெச்சா, நீயே தம் அடிக்க இடம் குடுத்திருக்கன்னு என்னைத்தான் புடிப்பாங்க."

அவர் பயம் நியாயமானது. 2008-ல் வந்த பொது இட விதிகளில், புகைக்கத் தடை உள்ள இடத்தில் சாம்பல் கிண்ணம் வைக்கக் கூடாது என்றே இருக்கிறது. நல்ல எண்ணத்தில் எழுதிய விதிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் சிகரெட்டைத் தாராளமாக விற்கலாம், அதன் துண்டுக்கு மட்டும் ஊரில் போக்கிடம் கிடையாது என்றால், அது குருவிக்கும் மீனுக்கும்தானே போகும்?

கடைசியில் எங்கள் காம்பவுண்டு சுவருக்கு உள்பக்கம், கை எட்டும் உயரத்தில் டின்னைக் கட்டினேன்.

பிப்ரவரி 22, வியாழன்

பெட்டிக்குள் மும்முரமாக வேலை நடக்கிறது. காலையில் பெண் குருவி ரோட்டில் இறங்கி ஒரு துண்டைக் கொத்திக்கொண்டிருந்தது. ஓடிப் போய் விரட்டினேன். அது என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒயரில் போய் உட்கார்ந்தது. அதன் வீட்டு வேலையைக் கெடுத்துவிட்டோமே என்று மனசு கேட்கவில்லை. பழைய தலையணையைப் பிரித்து இலவம் பஞ்சும், தேங்காய் நாரும், வேப்பிலையும் பால்கனிக் கம்பியில் செருகி வைத்தேன். சாயங்காலத்துக்குள் இலவம் பஞ்சு பாதி காலி.

மார்ச் 13, புதன்

குஞ்சு பொரித்துவிட்டது. ஊசி முனை போல ஒரு சத்தம், அதுவும் தாய் வரும்போது மட்டும். உள்ளே துண்டு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க ஆசைதான். இப்போது பெட்டியைத் தொடக் கூடாது.

மார்ச் 20, புதன்

இன்று உலகச் சிட்டுக்குருவிகள் தினமாம். டீக்கடைக்கு வரும் டெலிவரித் தம்பி ஒருவன் வழக்கம்போல வடிகாலைக் குறிபார்த்தான். "தம்பி, அங்க போடாதப்பா" என்றேன். "பஞ்சுதானேக்கா, மக்கிடும்" என்றான். அவனிடம் கோபமே வரவில்லை. ஆறு வாரத்துக்கு முன் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். மேலே போய் டம்ளரை எடுத்து வந்து காட்டினேன். தண்ணீர் கறுத்துப் போயிருக்கிறது, துண்டு அன்று போட்ட மாதிரியே முழுசாகக் கிடக்கிறது. டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். டின் எங்கே என்று கேட்டுப் போட்டுவிட்டுப் போனான்.

அம்மா அந்த டம்ளரைக் கழுவச் சொல்கிறாள். தொட்டியில் கொட்டினால் சாக்கடைக்குப் போகும், செடிக்கு ஊற்றவும் மனம் வரவில்லை. திரும்ப ஜன்னல் திண்டிலேயே வைத்து, மேலே ஒரு தட்டைப் போட்டு மூடியிருக்கிறேன், குருவி வந்து குடித்துவிடக் கூடாதே என்று.